நேபாளத்துக்கு எழுத்தறிவுத் தன்னார்வலராகப் போக: காகிதம், காசு, காலம்

நேபாளத்தின் தெற்கே, பீகார் எல்லையை ஒட்டி ஜனக்பூர் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு கிராமத்தில், படிக்காத பெண்களுக்கான எழுத்தறிவு வகுப்பில் உதவியாளராக நான்கு மாதம் இருந்துவிட்டு வந்தேன். எனக்கு வங்கி வேலை, சம்பளமில்லா விடுப்பு போட்டுத்தான் போனேன். கிளம்புவதற்கு முன் ஆறு மாதம் அலைந்தேன், அதில் பாதி வீண் அலைச்சல். கேட்ட இடத்தில் எல்லாம் "இந்தியருக்கு விசா வேண்டாமே, பஸ் ஏறிப் போக வேண்டியதுதானே" என்றார்கள். விசா வேண்டாம் என்பது சரிதான். ஆனால் விசாவைத் தவிர மற்ற எல்லாமே வேண்டியிருந்தது.

ஏன் அந்தப் பகுதி என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி. 2021 கணக்கெடுப்பின்படி நேபாளத்தின் எழுத்தறிவு 76.2 சதவீதம், பெண்களில் 69.4. ஜனக்பூர் இருக்கும் மதேஷ் மாகாணத்தில் 63.5தான், ஏழு மாகாணங்களில் அதுதான் கடைசி. மலையேறப் போகிறவர்கள் காத்மாண்டு, பொக்கரா என்று போய்விடுவார்கள். வகுப்புக்கு ஆள் தேவைப்படுவது கீழே தராய் சமவெளியில்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

மற்ற எல்லாவற்றையும் பிறகு திருத்திக்கொள்ளலாம். மாதம் தப்பினால் திருத்த வழியில்லை.

நேபாளத்தில் எல்லாம் விக்ரம் சம்வத் நாட்காட்டிதான். அலுவலகக் கடிதம், வகுப்பு அட்டவணை, பட்ஜெட், திருவிழா எதையும் அதில்தான் சொல்வார்கள். அவர்கள் வருஷப் பிறப்பும் நம் சித்திரை ஒன்றும் ஏறக்குறைய ஒரே நாளில் வருவதால் நமக்கு இது சுலபம் என்று தோன்றும், அங்கேதான் நான் விழுந்தேன். மாதங்களின் தொடக்கம் நம்முடையதோடு ஒத்துப்போகிறது, பெயர்கள் ஒரு மாதம் தள்ளி நிற்கின்றன. அவர்களுடைய வைசாக் என்பது நம் சித்திரை, நம் வைகாசி அல்ல. அவர்களுடைய கார்த்திக் என்பது நம் ஐப்பசி. மாக் என்பது நம் தை, பொங்கலன்று அங்கே மாகே சங்கராந்தி கொண்டாடுகிறார்கள்.

"மாக் முதல் வாரம் வகுப்பு தொடங்குகிறது" என்று எனக்குக் கடிதம் வந்தது. மாக் என்றால் மாசி என்று நானே முடிவு செய்து பிப்ரவரி நடுவில் போய் இறங்கினேன். வகுப்பு தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. வகுப்பை நடத்தும் சகஜகர்த்தாக்களுக்கான பயிற்சி அதற்கும் முன்பே முடிந்துவிட்டது, அதில் நான் கட்டாயம் உட்கார்ந்திருக்க வேண்டும். எந்தத் தேதியாக இருந்தாலும் இரண்டு நாட்காட்டியிலும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

எப்போது போகலாம்? தை பிறந்து வைகாசி முடியும் வரைதான் நல்ல காலம். ஆனி மாதத்தை அங்கே அசார் என்பார்கள், நெல் நடவு. ஒரு பெண்கூட வகுப்புக்கு வரமாட்டார், வரச் சொல்வதும் நியாயமில்லை. அதன்பின் மழை, வெள்ளம். புரட்டாசி, ஐப்பசியில் தசைன் என்ற தசரா, தீபாவளி, அப்புறம் மதேஷ் பகுதியில் சூரியனுக்கான சட் பூஜை. கார்த்திகையில் அறுவடை. மார்கழியில் தராயில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் பகல் பன்னிரண்டு மணிக்கும் சூரியன் தெரியாது, குளிரலை என்று பள்ளிகளையே மூடுகிறார்கள். சித்திரைக்குப் பின் வெயிலும் அனல் காற்றும் கடுமை, ஆனால் வகுப்பைக் காலையில் வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

மூன்று மாதத்துக்குக் குறைவாகப் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு வாரம் போனால் வகுப்பில் உங்களுக்கு வரவேற்பும் வழியனுப்பும்தான் நடக்கும், இடையில் பாடம் நின்றுபோகும்.

2. உங்கள் வேலை என்ன என்று எழுத்தில் வாங்குங்கள்

வகுப்பை நடத்துவது சகஜகர்த்தா. அந்த ஊரிலேயே பத்தாவது, பன்னிரண்டாவது படித்த பெண், சிறிய மாதத்தொகை வாங்குபவர். நீங்கள் அவருக்கு உதவியாள். இதை மனதில் வாங்கிக்கொள்ள முடியாவிட்டால் கிளம்ப வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இது பணிவுக்காகச் சொல்வதல்ல. தமிழ்க்காரர்களுக்கு இதில் தனியாக ஒரு காரணம் இருக்கிறது. நமக்கு ஒரே ஒரு 'க'. அவர்களுக்கு நான்கு. நேபாளியில் வரிக்கும், கூரை வேயும் புல்லுக்கும், 'செய்' என்பதற்கும், வீட்டுக்கும் நான்கு வேறு சொற்கள், தமிழில் எழுதினால் நான்கும் 'கர்' என்றுதான் வரும். இரண்டாவது வாரம் ஆர்வத்தில் நான் சொல்வதெழுதுதல் வைத்தேன். 'வீடு' என்று நினைத்து நான் சொன்னது அவர்கள் காதில் 'வரி' என்று விழுந்தது, அப்படியே எழுதினார்கள். அது தப்பு என்று நான் திருத்தப் போனேன். ஐம்பது வயதில் முதல்முறை பென்சில் பிடித்த ஒருவர், தான் சரியாகக் கேட்டுச் சரியாக எழுதியதைத் தப்பு என்று நினைத்து அழித்துவிட்டார். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு ஒலிப்பு சம்பந்தப்பட்ட எதையும் நான் தொடவில்லை.

ஆகவே உங்களைக் கூப்பிடும் அமைப்பு தரும் அழைப்புக் கடிதத்தில் இவை இருக்கட்டும்: எந்த ஊர், எத்தனை வகுப்பு, எந்தத் தேதியிலிருந்து எது வரை, யாருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும், தங்கும் இடம் யார் பொறுப்பு, நீங்கள் செய்யப்போகும் வேலைகள். "எழுத்தறிவுப் பணியில் உதவுவார்" என்ற ஒற்றை வரியோடு வரும் கடிதத்தைத் திருப்பி அனுப்பி விவரம் கேளுங்கள்.

3. அமைப்பைத் தேடுவதும் சோதிப்பதும்

மூன்று வழி இருக்கிறது. ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தின் தளத்தில் உங்கள் விவரத்தைப் பதிந்து வைக்கலாம். அவர்கள் விண்ணப்பத்துக்கு எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை, தேர்வானால் வாழ்க்கைச் செலவுக்குத் தொகையும் உண்டு. ஆனால் கல்வித் தகுதி, அனுபவம் பார்ப்பார்கள், நீங்கள் நினைக்கும் நேரத்துக்கு இடம் கிடைக்காது. இரண்டாவது, உள்ளூர்த் தொண்டு நிறுவனங்கள். மூன்றாவது, சமுதாயிக் சிகாய் கேந்திரா என்ற சமூகக் கற்றல் மையங்கள். ஊர்க்காரர்களே குழு அமைத்து நடத்துபவை இவை. எழுத்தறிவு வகுப்புகள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கும். ஆனால் இவர்களுக்கு இணையதளம் இருக்காது, மின்னஞ்சலுக்குப் பதில் வராது. வேறொரு நிறுவனம் வழியாகத்தான் போய்ச்சேர முடியும். நான் போனதும் அப்படித்தான்.

நான்காவதாக ஒரு வழி தேடலில் முதலில் வந்து நிற்கும், அதைத் தவிர்க்கச் சொல்கிறேன். "நேபாளத்தில் சேவை செய்யுங்கள்" என்று பணம் வாங்கிக்கொண்டு அனுப்பும் ஏஜென்சிகள். என்னிடம் ஒரு இடத்தில் மாதத்துக்கு 900 டாலர் கேட்டார்கள். அதில் எவ்வளவு வகுப்புக்குப் போகும் என்று கேட்டேன், பதிலே இல்லை. அநாதை இல்லத்தில் சேவை என்று வந்தால் இன்னும் கவனம், வெளிநாட்டவர் பணத்துக்காகவே பெற்றோர் உள்ள பிள்ளைகளைக் கொண்டுவந்து வைத்த இல்லங்கள் அந்த நாட்டில் பிடிபட்டிருக்கின்றன.

உள்ளூர் நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை: மாவட்ட நிர்வாக அலுவலகப் பதிவுச் சான்று, அதன் இந்த ஆண்டுப் புதுப்பிப்பு (நவீகரண் என்று கேளுங்கள்), சமாஜ் கல்யாண் பரிஷத் என்ற சமூக நலக் கவுன்சிலில் இணைந்த சான்று, பான் எண், கடைசி ஆண்டுத் தணிக்கை அறிக்கை. கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஒழுங்கானவர்கள் அன்றைக்கே படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

இன்னொன்று. 2015 அரசியலமைப்புக்குப் பிறகு பள்ளிக்கல்வி உள்ளாட்சிகளின் கையில் இருக்கிறது. நாட்டில் மொத்தம் 753 உள்ளாட்சிகள். ஆகவே காத்மாண்டுவில் யாரைத் தெரிந்திருந்தாலும் பிரயோஜனம் குறைவு. உங்கள் ஊர் எந்த நகர்பாலிகா (நகராட்சி) அல்லது காவுபாலிகாவில் (ஊராட்சி), எந்த வார்டில் வருகிறது என்று கேட்டு, வார்டு அலுவலகத்தின் சிபாரிசுக் கடிதத்தை அமைப்பே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். முத்திரை போட்ட அந்த ஒரு தாள் எனக்குப் பல இடங்களில் உதவியது.

4. இந்தியர்களுக்கான ஆவணங்கள்

பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை. இரண்டில் ஒன்று அசலாகக் கையில் இருக்க வேண்டும். ஆதார் போதும் என்று நம்பிப் போகாதீர்கள், 15 முதல் 65 வயது வரை உள்ளவர்கள் விமானத்தில் நேபாளம் போக அது செல்லாது. தரை எல்லையில் பலர் எதையும் காட்டாமலே நடந்து போவதைப் பார்ப்பீர்கள், அவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். நான்கு மாதம் தங்கப் போகிறவர் பாஸ்போர்ட்டே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து இனிஷியல் பிரச்சினை. நம்மில் பலருக்கு வாக்காளர் அட்டையில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்து இன்னொரு மாதிரி, பட்டச் சான்றிதழில் மூன்றாவது மாதிரி. அங்கே எந்தப் படிவத்திலும் 'தர்' என்று ஒரு கட்டம் இருக்கும், குடும்பப் பெயர் கேட்கிறார்கள். காலியாக விட்டால் படிவம் நகராது. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள், அழைப்புக் கடிதத்திலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே வரட்டும். என் கடிதத்தில் ஒரு எழுத்து மாறியதால் புதுக் கடிதத்துக்கு மூன்று வாரம் காத்திருந்தேன்.

காவல்துறை நன்னடத்தைச் சான்று பல அமைப்புகள் கேட்கும். பாஸ்போர்ட் சேவா மூலம் விண்ணப்பித்தால் கட்டணம் 500 ரூபாய். பாஸ்போர்ட்டில் இருக்கும் முகவரியில் நீங்கள் இப்போது இல்லை என்றால் அது இழுத்துக்கொண்டே போகும், அதனால் கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே போட்டுவிடுங்கள்.

இவற்றோடு பட்டச் சான்றின் நகல், வேலையில் இருந்தால் விடுப்பு ஒப்புதல் கடிதம், பாஸ்போர்ட் அளவுப் படம் பத்து பன்னிரண்டு. படம் எதற்கு இத்தனை என்று நினைப்பீர்கள், சிம் கார்டு, வார்டு அலுவலகம், நிறுவனத்தின் அடையாள அட்டை என்று எல்லாம் தீர்ந்துவிடும். போனதும் காத்மாண்டு இந்தியத் தூதரகத்தில் உங்கள் விவரத்தைப் பதிந்து வையுங்கள். மதேஷ் மாகாணத்தில் பீர்கஞ்சில் துணைத் தூதரகமும் இருக்கிறது.

5. இந்தியப் பாஸ்போர்ட் இல்லாத தமிழர்களுக்கு

உங்களுக்கு இது வேறு கதை. இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் சார்க் என்ற தெற்காசிய நாடுகள் கூட்டமைப்பின் சலுகையில் ஆண்டில் முதல் 30 நாள் சுற்றுலா விசா இலவசம். மலேசியா, சிங்கப்பூர், கனடா, பிரிட்டன் பாஸ்போர்ட் என்றால் வந்திறங்கியதும் வாங்கும் விசாவுக்கு 15 நாளுக்கு 30 டாலர், 30 நாளுக்கு 50, 90 நாளுக்கு 125. ஆனால் சுற்றுலா விசாவில் சம்பளம் வாங்காமல் வேலை செய்வதும் விதிப்படி குற்றம்தான். "எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள், யாரும் கேட்கமாட்டார்கள்" என்று அமைப்பே சொல்லும். கேட்டால் அபராதம் கட்டி வெளியேறப் போவது நீங்கள். சமூக நலக் கவுன்சில் அனுமதியோடு சுற்றுலா அல்லாத விசாவுக்கு அமைப்புதான் விண்ணப்பிக்க வேண்டும், பல மாதம் பிடிக்கும். அதைச் செய்ய மறுக்கும் அமைப்பை விட்டுவிட்டு வேறு பாருங்கள்.

6. பணம்

100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், இது மாறாத விகிதம். எல்லையோரக் கடைகளில் விலை சொல்லும்போது ஐசியா என்சியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐசி என்றால் இந்தியப் பணம், என்சி நேபாளப் பணம். கேட்காமல் நீட்டினால் ஒன்றரை மடங்குக்கு மேல் கொடுத்துவிட்டு வருவீர்கள்.

நோட்டுகளை 100 ரூபாயாகவே கொண்டுபோங்கள். 200, 500 நோட்டுகளுக்கான விதி மாறிக்கொண்டே இருக்கிறது, கிராமத்துக் கடைக்காரர் எந்த விதியும் பார்க்காமல் வேண்டாம் என்பார். டாலரும் பாரெக்ஸ் கார்டும் வாங்கப் போகாதீர்கள், நேபாளப் பயணத்துக்கு இந்திய வங்கிகள் அந்நியச் செலாவணி தருவதில்லை. உங்கள் டெபிட் கார்டு நேபாளத்தில் செல்லுமா என்று வங்கியில் கேட்டு, வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வையுங்கள். ஏடிஎம்மில் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் பிடிப்பார்கள் என்பதால் சிறிது சிறிதாக எடுக்க வேண்டாம். கடைகளில் போன்பே என்று க்யூஆர் ஒட்டியிருப்பார்கள், அது நம் ஊர் போன்பே அல்ல, பெயர் மட்டும் அதேபோல் ஒலிக்கிறது. அதில் நம் யுபிஐ 2024 முதல் வேலை செய்கிறது, ஆனால் எல்லாக் கடையிலும் இல்லை.

என் செலவு, எல்லாம் இந்திய ரூபாயில், நான்கு மாதத்துக்கு: ஒரு வீட்டில் தங்கி இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு மாதம் 7,500 வீதம் 30,000. மூன்றாம் ஏசியில் போகவர ரயில் 5,200, உள்ளூர்ப் பயணம் 1,000. தடுப்பூசிகள் 6,000. காப்பீடு 5,000. மொழி ஆசிரியருக்கு 3,000. சிம், டேட்டா 2,000. வகுப்புப் பொருட்கள் 4,000. நன்னடத்தைச் சான்று 500. கைச்செலவு 8,000. மொத்தம் 64,700. இதற்கு மேல் 20,000 தொடாமல் வைத்திருந்தேன், திடீரென்று ஊர் திரும்ப வேண்டிவந்தால் விமானத்துக்கு. வீட்டில் கட்ட வேண்டிய கடன் தவணை, வாடகையை நான்கு மாதத்துக்கும் முன்கூட்டியே ஒதுக்கிவிட்டுக் கிளம்புங்கள். அந்தக் கவலையோடு அங்கே உட்கார முடியாது.

ஊரில் நண்பர்களிடம் நன்கொடை திரட்டி ரொக்கமாகக் கொண்டுபோகும் யோசனை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. வேண்டாம். எல்லையில் பிரச்சினை, ஊரில் இன்னும் பெரிய பிரச்சினை. பணம் கொண்டுவந்தவர் என்று ஒருமுறை பெயர் விழுந்தால் வகுப்பில் உங்களோடு யாரும் இயல்பாகப் பேசமாட்டார்கள்.

7. மொழி

பாடநூல் நேபாளியில். வீட்டுப்பேச்சு மைதிலியில். உங்களோடு அவர்கள் பேச முயல்வது இந்தியில். இந்தி தெரியாதவர் என்றால் கிளம்புமுன் நான்கு மாதமாவது இந்திப் பேச்சும் தேவநாகரி எழுத்தும் பழகுங்கள், எழுத்து ஒன்றுதான் என்பதால் அந்த உழைப்பு வீணாகாது. போனபின் ஒரு கல்லூரி மாணவியிடம் வாரம் மூன்று நாள் மைதிலி படித்தேன். "அஹான் கே நாம் கீ அச்சி?" என்று அவர்கள் மொழியில் பெயர் கேட்டபோதுதான் பல பேர் முக்காட்டை விலக்கி என் முகத்தைப் பார்த்தார்கள். பெரியவர்களிடம் அஹான் என்ற மரியாதைச் சொல் தவறக்கூடாது, வணக்கத்துக்கு 'பிரணாம்'.

8. உடம்பு

மருத்துவரிடம் தராய் பகுதி என்று ஊரைச் சொல்லிக் கேளுங்கள், காத்மாண்டு என்று சொன்னால் ஆலோசனை வேறாகும். டைபாய்டு, மஞ்சள் காமாலைக்கான ஊசிகளோடு ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பற்றியும் பேசுங்கள், தராயில் அது உண்டு. ஊசிகளுக்கு இடைவெளி தேவைப்படும், ஆறு வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள். தராயின் பல இடங்களில் அடிகுழாய்த் தண்ணீரில் ஆர்சனிக் இருக்கிறது, கொதிக்கவைத்தால் அது போகாது. உங்கள் வீட்டுக் குழாய் சோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். கொசுவலை இங்கிருந்தே கொண்டுபோங்கள். உள்ளூர் மருத்துவக் காப்பீடு எல்லை தாண்டினால் செல்லாது, நேபாளம் என்று பெயர் குறித்த பயணக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். அங்கே போலீஸ் 100, ஆம்புலன்ஸ் 102.

9. போகும் வழி

மைசூர்–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறை பெரம்பூர் வழியாகப் போகிறது. கிட்டத்தட்ட இரண்டு நாள் பயணம். முன்பதிவு 60 நாள் முன்பு திறக்கும், அன்றைக்கே போட்டுவிடுங்கள், பீகார் ரயில்களில் கடைசி நேர இடம் என்பது நடக்காது. தர்பங்காவிலிருந்து ஜெயநகர். அங்கே நேபாள ரயிலுக்குத் தனி நிலையம், அடையாள அட்டை காட்டிச் சீட்டு வாங்கி ஏறினால் ஜனக்பூர். அந்த ரயில் ஒரு நாளைக்குச் சில முறைதான், ஓடுகிறதா என்று முந்தின நாளே விசாரியுங்கள். இல்லையென்றால் சீதாமடி வழியாக பிட்டாமோட் எல்லைக்குச் சாலை இருக்கிறது.

தேர்தல் சமயத்தில் எல்லையை மூடிவிடுவார்கள், பீகார் தேர்தலோ நேபாளத் தேர்தலோ இரண்டையும் பார்த்துத் தேதி குறியுங்கள். எல்லை தாண்டியதும் கடிகாரத்தை 15 நிமிடம் முன்னால் தள்ளுங்கள். நான் போனபோது சனிக்கிழமைதான் அங்கே வார விடுமுறை, வெள்ளிக்கிழமை போய்ச்சேர்ந்தால் ஞாயிறு வரை எந்த அலுவலகமும் இல்லை. நான் அப்படித்தான் போய்ச்சேர்ந்தேன்.

10. வகுப்பில் உண்மையில் உதவுபவை

முதல் பத்து நாள் பின்வரிசையில் பாயில் உட்கார்ந்து பாருங்கள், வேறு எதுவும் வேண்டாம். எங்கள் வகுப்பில் 23 பெண்கள். பெரும்பாலோரின் கணவரோ மகனோ கத்தாரிலோ மலேசியாவிலோ இருந்தார்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று சகஜகர்த்தா கேட்டபோது கடிதம் படிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பணம் வந்திருப்பதாக போனில் வரும் எண்ணைப் படிக்க வேண்டும், அந்த எண்ணைக் கடைக்காரனிடம் கொடுக்காமல் தானே கவுன்டரில் சொல்ல வேண்டும், மருந்துச் சீட்டில் காலையா இரவா என்று தெரிய வேண்டும், வங்கியில் ஔண்டா சாப் வைக்காமல் கையெழுத்துப் போட வேண்டும். ஔண்டா சாப் என்றால் நம் ஊர் கைநாட்டு. நம்மிடம் அந்தச் சொல் எப்படி வசவாக இருக்கிறதோ அங்கேயும் அப்படித்தான்.

நான் உருப்படியாகச் செய்தது என்று சொன்னால் நான்கு. எண்கள் ஒன்று, வங்கி அனுபவம் அதில் கைகொடுத்தது. நேபாள நோட்டில் ஒரு பக்கம் தேவநாகரி எண், மறுபக்கம் நமக்குப் பழகிய எண், போனில் வருவதும் இந்த இரண்டாவது வகைதான். எழுத்துத் தெரியாத பெண்கள் நோட்டை மிருகத்தை வைத்து அடையாளம் காண்கிறார்கள்: 100இல் காண்டாமிருகம், 500இல் புலி, 1000இல் யானை. ஆகவே பலகையில் 1 என்று எழுதித் தொடங்காமல், புலி நோட்டைக் கையில் கொடுத்து அதன் இரண்டு பக்கத்தையும் எழுதச் செய்தோம். இரண்டே வாரத்தில் எண்கள் பிடிபட்டன.

அடுத்தது கண்ணாடி. நாற்பது தாண்டிய பலர் எழுத்து மண்டையில் ஏறவில்லை என்று நினைத்து நின்றுபோகிறார்கள். உண்மையில் எழுத்து அவர்கள் கண்ணுக்கே தெரியவில்லை, வெள்ளெழுத்து. சாதாரண வாசிப்புக் கண்ணாடி போட்டதும் ஒருவர் புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோய், தள்ளிவைத்து, மறுபடியும் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்புரை இருந்த இருவரை லஹானில் உள்ள சாகர்மாதா சௌதரி கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். இந்தியாவிலிருந்தே ஆயிரக்கணக்கானவர்கள் வரும் இடம் அது. முதல் மாதத்திலேயே கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள், நாங்கள் மூன்றாவது மாதம் செய்தோம், அதற்குள் நான்கு பேர் நின்றுவிட்டார்கள்.

மூன்றாவது, குழந்தைகள். கைக்குழந்தையோடு வரும் தாய் ஒரு வரி எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்திருப்பார். பக்கத்து அறையில் நான் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட நாட்களில் வகுப்பு முழு இரண்டு மணி நேரம் நடந்தது. எனக்கு மைதிலி வந்ததும் அந்த அறையில்தான். படித்தவர், பட்டம் பெற்றவர், இதற்கா வந்தோம் என்று நினைக்க வேண்டாம், நான்கு மாதத்தில் அதிகம் பயன்பட்ட வேலை இதுதான். நான்காவது, வராதவர் வீட்டுக்கு சகஜகர்த்தாவோடு நடந்து போவது. மாமியாரிடம் பேச வேண்டியவர் அவர், நீங்கள் கூட நின்றால் போதும்.

ஆண்கள் போவதாக இருந்தால் பெண்கள் வகுப்புக்குள் உட்கார்வதைப் பற்றி முதலிலேயே கேளுங்கள், பல ஊர்களில் ஒத்துவராது. எண் அட்டை செய்வது, பயிற்சிப் பொருள், கணக்கு, ஆண்களுக்கான இரவு வகுப்பு என்று வேலை இருக்கும். யாரையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கைநாட்டு வைக்கும் படம் வேண்டவே வேண்டாம்.

11. கிளம்புவதற்கு முந்தின மாதம்

நீங்கள் செய்த ஒவ்வொரு வேலைக்கும் ஊரில் ஒருவர் பெயரை எழுதுங்கள். குழந்தை அறைக்கு ஒரு பாட்டி கிடைத்தார். எண் அட்டைகளைச் செய்யும் விதத்தை சகஜகர்த்தாவின் தங்கைக்குக் காட்டிக்கொடுத்தேன். கண்ணாடி வாங்கும் கடையின் போன் எண் வார்டு அலுவலகச் சுவரில் இருக்கிறது. வகுப்புக்கான அடுத்த ஆண்டுத் தொகையை உள்ளாட்சி பட்ஜெட்டில் கேட்க வேண்டும் என்றால் பட்ஜெட் அசார் பத்தாம் தேதி, அதாவது ஜூன் 24 வாக்கில் வைக்கப்படும். மனு அதற்கு ஒரு மாதம் முன்பே போய்ச்சேர வேண்டும். எங்கள் மனுவை சகஜகர்த்தா எழுதினார். அதன் கீழே 19 பேர் பெயர் இருந்தது. 17 பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இரண்டு பேர் கைநாட்டு வைத்தார்கள், அவர்கள் தொடர்ந்து வருகிறார்கள் என்று போன வாரம் சகஜகர்த்தா போனில் சொன்னார்.